"இந்த மாமா கெட்டவரா?": பச்சை குத்தியவரைப் பார்த்து என் மகன் கேட்ட கேள்வி

வெயில்நிழல் (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு ஐந்து வயதில் ஒரு மகன். நேற்று மாலை ரயிலில் எங்கள் எதிர் இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். இரண்டு கைகளிலும் தோலே தெரியாத அளவுக்கு டாட்டூ. கழுத்திலும் ஏறி, காதுக்குப் பின்னால் போய் முடிந்திருந்தது. பிள்ளை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டி முழுவதும் கேட்கிற குரலில், "அம்மா, இந்த மாமா கெட்டவரா?" என்றான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. மடித்திருந்த சட்டைக் கைகளை ஒவ்வொன்றாக மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் செய்ததெல்லாம் "சும்மா இரு" என்று பிள்ளையின் தொடையில் தட்டியது மட்டும். அடுத்த நிறுத்தத்தில் அவர் எழுந்து போனார். இறங்கவேண்டிய இடம் வந்ததா, எங்களால் எழுந்து போனாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "டாட்டூ போட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை கண்ணா" என்றேன். "அப்படியென்றால் கொஞ்சம் பேர் கெட்டவர்களா?" என்று திருப்பிக் கேட்டான். வாயடைத்துப் போனேன்.

நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசியிருக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஏதோ கார்ட்டூனில் பார்த்துப் பிடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

---

காகிதக்கப்பல்

முதலில் அந்தச் "சும்மா இரு". பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? "ஓ, இவர் கெட்டவர்தான் போலிருக்கிறது, உரக்கச் சொல்லக்கூடாதாம்" என்றுதான்.

அடுத்தது வீட்டில் நீங்கள் சொன்ன வாக்கியம். கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை என்று நாம் யாரிடமாவது சொல்லியிருக்கிறோமா? குடை பிடித்தவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை என்று? சொன்னால் கேட்பவனுக்கு அன்றுதான் முதல் சந்தேகமே வரும். உங்கள் மகன் நன்றாகத் தர்க்கம் செய்திருக்கிறான்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால், பிள்ளை கேட்ட அதே சத்தத்தில் பதில் சொல்லியிருப்பேன்: "அவர் யாரென்று எனக்குத் தெரியாதே. கையில் நிறையப் படம் வரைந்திருக்கிறார், அது மட்டும்தான் தெரிகிறது." பிறகு அந்த மனிதரைப் பார்த்து, "மன்னித்துக்கொள்ளுங்கள், சின்னப் பையன்" என்று ஒரு வார்த்தை. அவர் சட்டையை இறக்கிவிட்டிருக்க மாட்டார்.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நேரில் நானும் தொடையில்தான் தட்டியிருப்பேனோ என்னவோ.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

முப்பத்தோரு வருடம் பிள்ளைகளோடு இருந்தவன். பெரும்பான்மைக்கு மாறாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும்போது வந்த நிறத்தையோ உயரத்தையோ முகத்தையோ வைத்து ஒருவரை எடைபோடக்கூடாது. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் டாட்டூ அப்படியா? அது ஒருவர் தானாகத் தேர்ந்து, வலியைப் பொறுத்து, நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதிக்கொண்டது. எழுதியதை மற்றவர் படிக்கத்தான் செய்வார்கள். மண்டையோட்டையும் கத்தியையும் கழுத்தில் வரைந்துகொண்டு, பார்த்த குழந்தை பயந்துவிட்டதே என்று வருத்தப்பட்டால் என்ன செய்வது?

இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு வரும் அந்த முதல் பயத்தை ஒரேயடியாக மழுங்கடித்துவிடாதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. "யாரையும் எடைபோடாதே" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, எடைபோட்டே ஆகவேண்டிய இடத்தில் என்ன செய்யும்?

---

ஊசியும் மையும்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். பன்னிரண்டு வருடமாக டாட்டூ போடுவதுதான் என் தொழில். என் கைகளும் அந்த ரயில் மனிதருடைய கைகளைப் போலத்தான்.

"தானாகத் தேர்ந்து எழுதிக்கொண்டது" என்பது பெரும்பாலும் சரி. ஆனால் "நாலு பேர் பார்ப்பதற்காக" என்பது என் அனுபவத்தில் பாதிகூடச் சரியில்லை. என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்கள் ஏதோ ஒன்றை மறைக்க வருகிறார்கள். தீக்காயத் தழும்பு, அறுவை சிகிச்சைத் தழும்பு, தன்னைத்தானே கீறிக்கொண்ட காலத்தின் தழும்பு. முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஒரு பெண்மணிக்கு இலைகள் வரைந்தேன். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். அந்த இலைகளுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கும் அவருக்கும் தெரியும். அவர் கையை யாரும் "படித்து"விட முடியாது ஐயா. படித்தோம் என்று நினைத்துக்கொள்ளத்தான் முடியும்.

அந்த மனிதர் ஏன் சட்டையை இறக்கிவிட்டார் என்று என்னால் சொல்ல முடியும். பழக்கம்தான். குழந்தை பார்த்தால் கை தானாகவே சட்டையைத் தேடும். நானும் அப்படித்தான்.

வெயில்நிழல் அம்மா, பிள்ளை மறுபடி கேட்டால் முதலில் டாட்டூ என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள். அந்த வயதுக் குழந்தைகள் என்னிடம் கேட்பதெல்லாம் மூன்றே கேள்விகள்: வலிக்குமா, குளித்தால் போய்விடுமா, எப்படி உள்ளே போனது. "நீ நல்லவனா" என்று தானாக ஒரு குழந்தையும் கேட்டதில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்த பிறகு கேட்டிருக்கிறது.

பதில்களும் சுவாரசியமானவை. ஊசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகும்; மை அங்கே இருந்தால் சில வாரங்களில் போய்விடும். அதற்கு அடியில் இருக்கும் உள்தோலில் வைப்பதால்தான் நிற்கிறது. உடம்பு சும்மா விடாது. நோய்க்கிருமி வந்தால் விழுங்குகிற செல்கள் மையையும் விழுங்கப் பார்க்கும். விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்தச் செல் செத்தால் பக்கத்தில் இருக்கும் வேறொன்று அதே மையை எடுத்து விழுங்கிக்கொள்ளும். 2018-இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இது தெரியவந்தது. இதை ஓர் ஆறு வயதுப் பெண்ணிடம் சொன்னேன். அதன் பிறகு என் கையைப் பார்த்து அவள் பயப்படவே இல்லை. உள்ளே இருக்கிற செல்களுக்காக வருத்தப்பட்டாள்.

---

ஆலங்கட்டி

எத்தனை கதை சொன்னாலும், சிறையில் இருப்பவர்களின் கைகளைப் போய்ப் பாருங்கள். நெருப்பில்லாமல் புகையாது.

---

கூட்டல்கழித்தல்

@ஆலங்கட்டி, புகையை எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 32 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு டாட்டூவாவது வைத்திருக்கிறார்கள். பெண்களில் 38, ஆண்களில் 27. உங்கள் கணக்குப்படி அந்த நாட்டில் மூன்றில் ஒருவர் குற்றவாளி, அவர்களிலும் பெண்களே அதிகம். சிறைக்குள் போய்ப் பச்சையை எண்ணினால் நிறையத்தான் இருக்கும். செருப்பு போட்டவர்களும் அங்கே நிறைய இருப்பார்கள். திசை மாறிய கணக்கு இது.

வெயில்நிழல், "வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை" என்றீர்கள். நம்புகிறேன். ஆனால் பேசவேண்டியதே இல்லை என்பதுதான் சிக்கல். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதில் வருகிறவர்கள் ஒருவரிடம் சிரித்து, அருகில் சாய்ந்து, அன்பான குரலில் பேசுகிறார்கள்; இன்னொருவரிடம் அதே சொற்களை முகத்தைச் சுளித்து, விலகி நின்று, குளிர்ந்த குரலில் சொல்கிறார்கள். வார்த்தையில் வித்தியாசம் இல்லை. பிறகு உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகள் அன்பு கிடைத்தவரையே காட்டின. அந்த விருப்பு வெறுப்பு, அவருடைய நண்பர் என்று சொல்லப்பட்டவர் வரைக்கும் நீண்டது.

2014-இல் வந்த இன்னோர் ஆய்வில், மூன்று நான்கு வயதிலேயே குழந்தைகள் முகத்தை மட்டும் பார்த்து "நல்லவர், கெட்டவர்" என்று பிரிப்பதும், அந்தப் பிரிவினை பெரியவர்களுடையதோடு பெரும்பாலும் ஒத்துப்போவதும் தெரிந்தது. முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் கெட்ட பழக்கத்தைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது. டாட்டூ, அந்தப் பழக்கத்துக்குக் கிடைக்கும் இன்னொரு தீனி.

ஒரு கேள்வி. அந்த மனிதர் வந்து உட்கார்ந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? பிள்ளை கேட்பதற்கு முன்பு.

---

தெற்குவாசல்

எனக்குப் பிடித்த தலைப்பு, கொஞ்சம் நீளும்.

1991-இல் ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையோரம் பனியில் உறைந்த உடல் ஒன்று கிடைத்தது. 'ஏட்சி' என்று பெயரிட்டார்கள். சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவர் உடலில் 61 பச்சைக்குறிகள்: கோடுகளும் சிலுவை போன்ற குறிகளும். கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால் என்று அவருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்த இடங்களை ஒட்டியே பல இருப்பதால், வலிக்கு வைத்தியமாகக் குத்திக்கொண்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நமக்குத் தெரிந்த மிகப் பழைய பச்சை மனிதர்களில் ஒருவர், முழங்கால் வலிக்காரர்!

'டாட்டூ' என்ற சொல் பசிபிக் தீவுகளின் 'ததாவ்' என்பதிலிருந்து வந்தது. 1769-இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் தாஹிட்டிக்குப் போனபோது ஐரோப்பியர் அதைக் குறித்துவைத்தார்கள்.

அப்படியானால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? பல இடங்களில் அரசாங்கமே கொடுத்தது. ஜப்பானில் எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) குற்றவாளிகளின் கையில், சில பகுதிகளில் நெற்றியிலேயே, அடையாளம் குத்தினார்கள். குத்திவிட்டு, "குத்தியவன் குற்றவாளி" என்றார்கள். 1872-இல், அதன் பிறகு வந்த மெய்ஜி அரசு பச்சை குத்துவதையே தடைசெய்தது. தடை நீங்கியது 1948-இல். அந்தத் தடைக்காலத்தின் நடுவில், 1881-இல், கடற்படையில் இருந்த ஓர் இளம் பிரிட்டிஷ் இளவரசர் ஜப்பானுக்குப் போய்க் கையில் டிராகன் குத்திக்கொண்டு திரும்பினார். பின்னாளில் அவர்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். 2019-இல் உலகக்கோப்பை ரக்பி அங்கே நடந்தபோது, பொது நீச்சல்குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் டாட்டூவை மறைத்துக்கொள்ளும்படி வீரர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது. 147 வருடம் கழித்தும்!

எதிர்த்திசையிலும் ஒன்று. நியூசிலாந்தின் மாவோரி மக்களில் பெண்கள் உதட்டிலும் மோவாயிலும் இட்டுக்கொள்வது 'மொகோ கவாயே'. வம்சத்தையும் உறவையும் சொல்வது. 2021 டிசம்பரில் ஒரீனி கைபரா அந்தக் குறியோடு நாட்டின் முதன்மை நேரத் தொலைக்காட்சிச் செய்தியை வாசித்தார். அதுவே முதல் முறை. அங்கே வளரும் ஒரு பிள்ளைக்கு முகத்தில் பச்சை என்றால் செய்தி வாசிப்பவர் நினைவுக்கு வருவார்.

---

காகிதக்கப்பல்

தெற்குவாசல் அண்ணா, அருமை. ஆனால் இதை ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் மெய்ஜி வருவதற்குள் தூங்கிவிடுவான்.

அந்த முழங்கால் வலிக்காரரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

---

இரவுப்பணி

நான் செவிலி. புற்றுநோய்ப் பிரிவில் இருக்கிறேன்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலருக்கு உடம்பில் சில சின்னப் புள்ளிகளைப் பச்சையாகக் குத்துவார்கள். மச்சம் அளவுகூட இருக்காது. சிகிச்சை பல வாரம் நடக்கும். ஒவ்வொரு நாளும் இயந்திரத்துக்கு அடியில் உடம்பு அதே இடத்தில், அதே கோணத்தில் படுக்க வேண்டும். அதற்கான அடையாளம் அது. சிகிச்சை முடிந்த பிறகும் புள்ளி இருக்கும். மார்பகத்தை அகற்றிய பெண்களில் சிலர் பிறகு முலைக்காம்பின் தோற்றத்தையே டாட்டூவாக வரைந்துகொள்வார்கள்.

என் அம்மாவுக்கு அப்படிப் புள்ளிகள் மூன்று இருந்தன. அம்மா டாட்டூக்காரர்களைக் கண்டால் முகம் சுளிப்பவள். "இப்போது நீயும் டாட்டூக்காரிதான்" என்று நான் கேலி செய்தபோது, முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள்.

வாத்தியார் ஐயா சொன்ன "தானாகத் தேர்ந்தது" என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்லாமே தேர்ந்தது இல்லை. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் இடது முன்கையில் எண்ணைக் குத்தினார்கள். அந்த எண்ணோடு உயிர் தப்பியவர்கள் பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் நம்மைப் போலத்தான் போய்வந்திருப்பார்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளை என்ன கேட்டிருக்கும்?

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

இரவுப்பணி அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் எழுதாமல் இருந்தேன். ஊசியும் மையும் சொன்ன இலைகளும் மனதில் நிற்கின்றன. "எழுதியதைப் படிக்கிறோம்" என்று நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படம் இருக்கிறது என்பதை வைத்தே முடிவுகட்டுவதைப் படிப்பது என்று சொல்லிவிட்டேன். என் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காமலே பரீட்சை எழுதுகிறவனை நான் சும்மா விட்டதில்லை.

மறுபாதியை விடமாட்டேன். உண்மையிலேயே வெறுப்பை எழுதிக்கொண்டவர்களும் உண்டு. ஓர் இனத்தையே அழிக்கச் சொன்னவர்களின் சின்னத்தைக் கையில் குத்திக்கொண்ட ஒருவரைப் பார்த்து, "எடைபோடாதே" என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லமாட்டேன். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

---

ஊசியும் மையும்

ஐயா, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சின்னங்களைப் போட முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் தொழிலில் நிறையப் பேர் அப்படித்தான். பழையதை மறைக்க வருகிறவர்களும் உண்டு. இருபது வயதில் ஏதோ கும்பலோடு சேர்ந்து குத்திக்கொண்டதை நாற்பதில் மறைத்துத் தரச் சொல்லி வருவார்கள். சிலர் அழுவார்கள். அதற்கு வேலை அதிகம். கறுப்பின் மேல் வேறு நிறம் எடுபடாது, பெரிதாகவும் அடர்த்தியாகவும்தான் வரைய வேண்டும். அதனால் என்ன ஆகிறது? நெஞ்சில் சின்னதாக இருந்த தவறை மறைக்கப்போய்த் தோள் முழுவதும் கழுகு வந்துவிடுகிறது. பார்க்கிறவர் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார்! முன்பைவிட நல்லவராக மாறியவர், முன்பைவிட முரடராகத் தெரிகிறார்.

சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்டதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மகள். டாட்டூவைப் பார்த்து ஆளைப் பிரிக்க அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆள் உன்னிடம் என்ன கேட்கிறார் என்று பார் எனச் சொல்லியிருக்கிறேன். "அம்மாவிடம் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும், தனியாக வரச்சொல்லி எவர் கூப்பிட்டாலும், வேண்டாம் என்ற பிறகும் எவர் தொட்டாலும், ஓடிவந்து சொல். அவர் கையில் படம் இருந்தாலும் சரி, இஸ்திரி போட்ட சட்டை இருந்தாலும் சரி. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். எங்கள் கழுத்தைப் பார்த்துப் பயப்படப் பழகிய பிள்ளை, தவறான திசையில் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

---

மூன்று பிள்ளைக்காரி

எல்லாரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கதையைக் கேளுங்கள். மூத்தவளுக்குப் பதினைந்து. சிறு வயதிலிருந்தே "டாட்டூவை வைத்து யாரையும் தாழ்வாகப் பார்க்காதே" என்று சொல்லித்தான் வளர்த்தேன். போன மாதம் வந்து நிற்கிறாள்: "எனக்கு ஒன்று வேண்டும்." முடியாது என்றேன். "அப்படியானால் நீயும் உள்ளுக்குள் தப்பாகத்தான் நினைக்கிறாய். மற்றவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன பதில் சொல்வேன்?

---

ஊசியும் மையும்

"மீசை வைத்தவரை மதிக்கிறேன், அதற்காக நான் மீசை வைக்க வேண்டுமா" என்று கேளுங்கள் அக்கா. சிரிப்பாளா மாட்டாளா தெரியாது.

விளையாட்டை விடுங்கள். என்னிடம் வந்தாலும் போடமாட்டேன். பிரிட்டனில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே இருப்பவருக்கு டாட்டூ போடுவது குற்றம்; பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. வயது வரம்பு இருப்பதால் டாட்டூ தப்பான காரியம் ஆகிவிடாது. வாக்குரிமைக்கும் வயது இருக்கிறது.

---

கூட்டல்கழித்தல்

நான் முன்பு சொன்ன அதே 2023 கணக்கெடுப்பில், டாட்டூ வைத்திருப்பவர்களில் 24 விழுக்காட்டினர் ஒன்றையாவது நினைத்து வருந்துவதாகச் சொன்னார்கள். இதை உங்கள் மகளிடம் காட்டலாம், ஆனால் எச்சரிக்கை: "மீதி 76 பேர் வருந்தவில்லையே" என்பாள்.

---

மூன்று பிள்ளைக்காரி

அதையேதான் சொன்னாள். வார்த்தை மாறாமல்.

---

வெயில்நிழல்

நான்கு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கூட்டல்கழித்தல் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

அவர் வந்து உட்கார்ந்தபோது என் கைப்பை இருக்கையில் எனக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நினைத்துச் செய்யவில்லை. அதற்கு முன் அதே இருக்கையில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். இரண்டு நிறுத்தம் வரை பை பக்கத்திலேயேதான் கிடந்தது. பிள்ளை என் இடுப்போடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் கேட்டான். "கெட்டவரா" என்று அவன் கேட்டது அவரைப் பார்த்து எழுந்த கேள்வி இல்லை. நான் பையை எடுத்ததற்குக் காரணம் கேட்டிருக்கிறான். கார்ட்டூன் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். என் பேச்சிலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன. வயதானவர் கையில் மங்கிப்போய் இருந்தால் "பச்சை" என்கிறேன், மனம் இளகுகிறது. இளைஞன் கையில் கறுப்பாக இருந்தால் "டாட்டூ" என்கிறேன், பையை எடுக்கிறேன். அதே ஊசி, அதே கரி!

---

ஊசியும் மையும்

அம்மா, அந்தப் பச்சையும் குத்தும்போது கறுப்புதான். தோலுக்கு அடியில் போன கறுப்பு, வெளியிலிருந்து பார்த்தால் நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். ஒளி தோலில் சிதறும் விதம் அப்படி. தோலுக்கு அடியில் ஓடும் இரத்தக்குழாய் நீலமாகத் தெரிவதில்லையா, அது போல. வருடம் போகப்போக மங்கி இன்னும் பச்சையாகும். என் கையும் ஒரு நாள் அப்படி ஆகும். அப்போது எனக்கும் ரயிலில் மனம் இளகுவார்கள் என்று நினைக்கிறேன்.

பையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிற காட்சி அது. இடம்பெயரும் பையின் சொந்தக்காரர் அதைப் பற்றி எழுதி இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

---

இரவுப்பணி

பையை எடுக்காமல் இருக்க முடியுமா என்று நானும் முயன்று பார்த்திருக்கிறேன். கை போகத்தான் செய்கிறது. இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: யார் வந்து உட்கார்ந்தாலும் எடுத்து மடியில் வைத்துவிடுவது. தம்பதியானாலும் சரி, சாமியாரானாலும் சரி.

---

காகிதக்கப்பல்

வெயில்நிழல், பிள்ளையிடம் பையைப் பற்றிச் சொன்னீர்களா?

---

வெயில்நிழல்

சொன்னேன். "அன்றைக்கு அந்த மாமாவைப் பார்த்ததும் அம்மா பையை இழுத்துக்கொண்டேன் இல்லையா, அது என் தப்பு. அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் நல்லவரா கெட்டவரா என்று நமக்குத் தெரியாது" என்றேன். "உனக்கும் தெரியாதா?" என்றான். எனக்கும் தெரியாது என்றேன். அது அவனுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. பனியில் கிடைத்த முழங்கால் வலிக்காரரைப் பற்றியும் சொன்னேன். 61 என்பதை விரலில் எண்ணப் பார்த்துத் தோற்றுப்போனான்.

இன்று காலை லிஃப்டில் ஒருவர் ஏறினார். கோட்டு, டை, பளபளக்கும் ஷூ, வெள்ளை முடியைப் படிய வாரியிருந்தார். எங்களைப் பார்த்துப் புன்னகைத்து "வணக்கம்" என்றார். நானும் வணக்கம் சொன்னேன்.

பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, அதே ரயில் குரலில்: "அம்மா, இவரும் நல்லவரா என்று நமக்குத் தெரியாது, இல்லையா?"

ஏழாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். லிஃப்ட் இன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு மாடியிலும் நின்றது.